மணி அடித்தால் ஜெபம், மற்ற நேரம் மாட்டுத் தொழுவம்: கனெக்டிகட் கன்னியர் பண்ணையின் நான்கு பருவங்கள்

கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீல நிற ஜீன்ஸ் துணியில் தைத்த அங்கி. தலையில் கறுப்பு முக்காடு. காலில் சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். கையில் டிராக்டர் ஸ்டியரிங். வெட்டிக் காய்ந்த புல்லை வரிசை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போகிறார் ஒரு கன்னியாஸ்திரி. பின்னால் பேலர் இயந்திரம் கட்டிப் போடும் புல் கட்டுகளை இன்னும் சிலர் வண்டியில் ஏற்றுகிறார்கள். மேற்கே மேகம் திரண்டு வருகிறது. மழைக்கு முன்னால் கடைசிக் கட்டு கொட்டகைக்குப் போயாக வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனெக்டிகட் மாநிலத்தில் பெத்லகேம் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. இயேசு பிறந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்ட ஊர். அங்கே 400 ஏக்கருக்கும் மேற்பட்ட காடும் மேடும் மேய்ச்சல் நிலமுமாக இருக்கிறது ‘ரெஜினா லாடிஸ்’ கன்னியர் மடம். முப்பது, நாற்பது கன்னியர் வாழும் இடம். பால், பாலாடைக்கட்டி, இறைச்சி, காய்கறி, தேன், கம்பளி என்று தங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தாங்களே விளைவித்துக்கொள்கிறார்கள்.

போரிலிருந்து பிறந்த பண்ணை

இந்த மடத்தை 1947-ல் தொடங்கியவர் அன்னை பெனடிக்ட் டஸ். அமெரிக்காவில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, பாரிசில் மருத்துவம் படித்து டாக்டரானவர். பிறகு பிரான்சில் ஜுவார் என்ற ஊரின் பழமையான மடத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில், அமெரிக்கப் பெண் என்பது தெரிந்தால் சிறைதான். மறைந்தே வாழ்ந்தார். 1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படை அந்த ஊரை மீட்டது. அந்த நன்றிக்காகத் தன் தாய்நாட்டில் ஒரு மடம் அமைக்க வேண்டும் என்று முடிவு செய்து கப்பலேறினார். பெத்லகேமில் ஆலை நடத்திய ஒருவர் நிலம் கொடுத்தார். கொடுத்தவர் கத்தோலிக்கர் அல்ல, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்.

இவர்கள் பின்பற்றுவது புனித பெனடிக்ட் 6-ம் நூற்றாண்டில் எழுதிய விதிமுறை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று சொல்வது இவரைத்தான். குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்துத் துறவிகளும் இந்த விதிவழி வந்தவர்களே.

அந்த விதிமுறையை ஒரு விவசாயி படித்தால் பல இடங்களில் தலையாட்டுவார். மடத்துக்குத் தேவையான தண்ணீர், தோட்டம், மாவு அரைக்கும் ஆலை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது. மண்வெட்டி, அரிவாள் முதலான கருவிகளைப் பலிபீடத்துப் பாத்திரங்களுக்குச் சமமாகப் பேண வேண்டும் என்கிறது. விளைபொருளை விற்கும்போது வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும் என்கிறது. அறுவடையைத் தாங்களே செய்ய நேர்ந்தால் வருத்தப்படக் கூடாது என்றும் சொல்கிறது. வேலை நேரத்தையும் ஜெப நேரத்தையும் கோடைக்கு ஒரு விதமாகவும் குளிர்காலத்துக்கு ஒரு விதமாகவும் பிரித்து வைத்திருக்கிறது. கடிகாரம் இல்லாத காலத்தில், வெயிலையும் பயிரையும் பார்த்து எழுதப்பட்ட விதி அது.

பகலில் ஏழு முறை, நள்ளிரவுக்குப் பின் ஒரு முறை என்று கோயில் மணி அடிக்கும். கன்னியர் கூடி லத்தீன் மொழியில் சங்கீதங்களைப் பாடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில்தான் பண்ணை வேலை. வெகு தொலைவில் வேலை செய்பவர்கள் இருந்த இடத்திலேயே ஜெபிக்கலாம் என்றும் அந்த விதியே இடம் கொடுக்கிறது. மேகம் திரளும் நாளில் புல்வெளியில் நிற்பவர்களின் அவசரம் அந்தத் துறவிக்கும் தெரிந்திருக்கிறது.

குளிர்காலம்: கொட்டகையில் இருப்பதே கணக்கு

டிசம்பரில் பகல் 9 மணி நேரம்தான். ஜனவரி இரவுகளில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். நிலம் கல்லாக உறைந்துவிடும். புல் ஒரு விரல்கூட வளராது. நவம்பரில் தொழுவத்துக்கு வரும் மாடு மேய்ச்சலுக்குத் திரும்ப ஏப்ரல் கடைசி, மே மாதம் ஆகிவிடும்.

ஏறக்குறைய ஆறு மாதம் மாடு எதைத் தின்னும்? கோடையில் வெட்டிக் காயவைத்த உலர் புல்லைத்தான். 450 கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோ உலர் புல் வேண்டும். 180 நாளைக்குக் கணக்குப் போட்டால் ஒரு மாட்டுக்கே சுமார் 2 டன். சேதாரம் தனி. பிப்ரவரி முதல் வாரத்தில் கொட்டகையில் பாதிக்குக் குறையாமல் புல் இருக்க வேண்டும் என்பது அந்தப் பகுதி விவசாயிகளின் பழைய கணக்கு. குறைந்திருந்தால் மாட்டை விற்பதா, புல்லை விலைக்கு வாங்குவதா என்று அப்போதே முடிவு செய்துவிடுவார்கள்.

சாணம் இந்தக் காலத்தில் குவிந்துகொண்டே போகும். உறைந்த நிலத்தில் அதை இறைப்பது நல்லதல்ல. பனி உருகும்போது சத்தெல்லாம் ஓடைக்குப் போய்விடும், ஓடைத் தண்ணீரும் கெடும். அதனால் படுக்கைப் புல்லோடு சேர்த்துக் குவித்து மக்கவிடுவதே முறை. வெளியே பனி மூடியிருந்தாலும், சரியாக அடுக்கிய குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். களை விதையும் நோய்க் கிருமியும் அதில் அழியும்.

வெளி வேலை குறைந்த இந்தக் காலம்தான் நூல் நூற்கவும், நெய்யவும், கருவிகளைப் பழுது பார்க்கவும் ஏற்றது. கொல்லுப்பட்டறை, தச்சு, மண்பாண்டம் என்று கைத்தொழில்களும் மடத்தில் உண்டு. வெளியுலகில் வேறு வேறு தொழில் செய்துவிட்டு வந்தவர்கள் இங்கே பலர். எல்விஸ் பிரெஸ்லியோடு சினிமாவில் நடித்துப் புகழ்பெற்ற டோலரஸ் ஹார்ட் 1963-ல் நடிப்பை விட்டுவிட்டு வந்து சேர்ந்தது இந்த மடத்தில்தான்.

வசந்தம்: முதல் விளைச்சல் கல்

பிப்ரவரி கடைசியில் இரவில் உறைபனியும் பகலில் லேசான வெயிலும் மாறி மாறி வரும். அந்த ஏற்ற இறக்கத்தில் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். கனெக்டிகட் மலைப் பகுதியில் பலரும் மரத்தில் துளையிட்டு அதை இறக்கிக் காய்ச்சுவார்கள். நம் பதநீரைப் போலத்தான், ஆனால் இனிப்பு மிகக் குறைவு. சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும்.

பனி உருகியதும் வயலில் முதலில் தெரிவது கல். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியை மூடியிருந்த பனிப்பாறை அரைத்துப் போட்ட மண் அது. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்து விரியும்போது, அடியிலிருக்கும் கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். போன வருடம் பொறுக்கிய வயலில் இந்த வருடமும் கல் முளைத்திருக்கும். பொறுக்கிப் பொறுக்கி வரப்போரம் அடுக்கியதுதான் அந்தப் பகுதி முழுக்கக் காணும் கல் சுவர்கள்.

ஆடு குட்டி போடுவதும், கம்பளி கத்தரிப்பதும் இந்தப் பருவத்து வேலைகள். தக்காளி, மிளகாய் நாற்றுகளை மார்ச்சிலேயே கண்ணாடிக் கூரைக்குள் விதைத்தாலும் மே நடுவுக்கு முன் வயலில் நட முடியாது. ஒரே ஒரு இரவு உறைபனி வந்தாலும் நாற்று கருகிவிடும். தவக்காலம் இந்தப் பருவத்தில் வருவது இந்த ஊர் வாழ்க்கைக்கும் பொருந்திப் போகிறது. பழைய விளைச்சல் தீரும் நேரம், புதிய விளைச்சல் வராத நேரம், விரதம் இருக்கும் நேரம்.

கோடை: புல் காயும் நாட்கள்

ஜூனில் பகல் 15 மணி நேரம் நீளும். மழை வருடம் முழுக்கப் பரவலாகப் பெய்யும் ஊர் அது. புல்லுக்கு அது நல்லது. ஆனால் புல்லைக் காயவைக்க அதுவே எதிரி. கதிர் வெளிவரும் தருணத்தில் வெட்டினால்தான் சத்து இருக்கும். காத்திருந்தால் தண்டு முற்றி நாராகிவிடும். வெட்டிய பிறகு மூன்று நாள் வெயில் வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன் கட்டிவிட்டால் பூசணம் பிடிக்கும். இன்னும் ஈரமாக இருந்தால் கட்டுக்குள்ளேயே சூடேறித் தீப்பிடித்துக் கொட்டகையே போன சம்பவங்கள் அந்த நாட்டில் நிறைய உண்டு. அதனால்தான் எல்லா வேலையையும் விட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொத்தக் குளிர்காலமும் இந்தச் சில நாட்களைப் பொறுத்தது.

மடத்துப் பசுக்கள் ‘டச்சு பெல்டட்’ என்ற இனம். முன்னும் பின்னும் கறுப்பு, நடு உடம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றியது போல் ஒரு பட்டை. அதிகக் கறவைக்குப் பேர் போன ஹோல்ஸ்டீன் அளவுக்குப் பால் தராது. ஆனால் வெறும் புல்லிலேயே நன்றாகக் கறக்கும், கன்று ஈனுவதில் தொல்லை குறைவு. எண்ணிக்கையில் குறைந்துபோன பாரம்பரிய இனம் அது. மேய்ச்சலில் இருக்கும் மாதங்களில் பாலில் இலேசான மஞ்சள் தட்டும். பச்சைப் புல்லில் உள்ள கரோட்டின் சத்துதான் காரணம். உலர் புல் தின்னும் குளிர்காலத்தில் அதே பால் வெளுத்திருக்கும்.

மரப்பீப்பாய்க்கு வந்த சோதனை

இந்த மடத்தை வெளியுலகம் அறியச் செய்தது ஒரு பாலாடைக்கட்டி. கடைகளில் சீஸ் என்று விற்கிறார்களே, அந்த வகை. 1973-ல் மடத்தில் சேர்ந்த சிஸ்டர் நோயெல்லா மார்செலினோவிடம் பாலைப் பதப்படுத்தும் பொறுப்பு வந்தது. முதலில் கைகூடவில்லை. 1977-ல் பிரான்சின் ஓவர்ன் மலைப் பகுதியிலிருந்து, தலைமுறையாகப் பாலாடைக்கட்டி செய்யும் குடும்பத்துப் பெண் ஒருவர் மடத்துக்கு வந்தார். தன் ஊர் முறையைக் கற்றுக்கொடுத்தார். கறந்த சூட்டோடு பாலை மரப்பீப்பாயில் ஊற்றி, உறையவைத்து, மரத்துடுப்பால் கலக்கி, தெளிநீரைப் பிரித்து, அச்சில் அழுத்தி, உப்பிட்டு, நிலவறையில் அடுக்கி வைப்பது அந்த முறை. பாலைக் காய்ச்சுவதில்லை. காய்ச்சாத பாலில் செய்த கட்டியைக் குறைந்தது 60 நாள் பழுக்கவைத்த பிறகே விற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

1985-ல் கலிபோர்னியாவில் வேறொரு நிறுவனத்தின் மென்மையான பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டவர்களுக்கு லிஸ்டீரியா கிருமி தாக்கிப் பலர் இறந்தார்கள். நாடு முழுக்கக் கெடுபிடி வந்தது. மடத்துக்கு வந்த சுகாதார ஆய்வாளர் மரப்பீப்பாயைப் பார்த்தார். மரத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், முழுக்கக் கழுவ முடியாது, எவர்சில்வர் தொட்டிக்கு மாறுங்கள் என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. மக்கள் இறந்திருக்கிறார்கள். கன்னியர் எதிர்த்து நிற்காமல் எவர்சில்வருக்கு மாறினார்கள். ஆனால் நடந்தது வேறு. எவர்சில்வர் தொட்டியில் செய்த கட்டியில் ஈ-கோலை பாக்டீரியா கூடியது.

மடத்தை விட்டுப் பெரிதும் வெளியே போகாத கன்னியரில் சிலரை, நிலத்தையும் கால்நடையையும் அறிவோடு நடத்த வேண்டும் என்று கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியது மடம். சிஸ்டர் நோயெல்லா நுண்ணுயிரியல் படித்தார். பழைய முறைதான் நல்லது என்று வாதாடாமல், சோதனை செய்து காட்ட முடிவு செய்தார். ஒரே பாலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மரப்பீப்பாயிலும் ஒன்றை எவர்சில்வர் தொட்டியிலும் ஊற்றினார். இரண்டிலும் வேண்டுமென்றே ஈ-கோலையைக் கலந்தார். பாலாடைக்கட்டி செய்து எண்ணிப் பார்த்தார். எவர்சில்வரில் ஈ-கோலை பெருகியிருந்தது. மரப்பீப்பாயில் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது.

காரணம் நம் வீட்டு உறைமோர்ப் பானையில் இருப்பதுதான். மரத்தின் நுண்துளைகளில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. வெதுவெதுப்பான பால் உள்ளே வந்ததும் அவை முந்திக்கொண்டு பெருகி, பாலைப் புளிக்கவைக்கின்றன. புளிப்பு ஏற ஏற ஈ-கோலையால் வாழ முடிவதில்லை. சுத்தமாகத் துலக்கிய எவர்சில்வரில் கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. எது முதலில் வந்து விழுகிறதோ அதுவே பெருகுகிறது.

ஆய்வாளர் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டார். மரப்பீப்பாய் திரும்ப வந்தது. ஓவர்ன் பகுதியில் ‘சாலேர்’ என்ற பெயரில் விற்கும் பாலாடைக்கட்டியை இன்றும் மரத்தொட்டியில்தான் செய்ய வேண்டும் என்பது அந்த ஊர் விதி.

சிஸ்டர் நோயெல்லா அதோடு நிற்கவில்லை. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பிரான்சுக்குப் போய், நிலவறைகளில் கட்டியின் மேல் படரும் ‘ஜியோட்ரிகம்’ என்ற வெள்ளைப் பூசணத்தின் உள்ளூர் வகைகளைச் சேகரித்து ஆராய்ந்தார். 2003-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பாரம்பரிய முறைகள் மறைந்தால் அவற்றோடு இந்த நுண்ணுயிர் வகைகளும் மறைந்துபோகும் என்பது அவருடைய கவலை. நாட்டு விதைக்கு நாம் சொல்வதை அவர் பூசணத்துக்குச் சொல்கிறார்.

இலையுதிர் காலம்: நிலவறையும் கொட்டகையும்

செப்டம்பரில் மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கும். ஆப்பிள், பூசணி, உருளைக்கிழங்கு என்று சேமிப்புக்கான அறுவடை வரும். அக்டோபரில் முதல் உறைபனி விழும். அடுத்த ஆண்டுக்கான பூண்டுப் பற்களை இப்போதே ஊன்றிவிடுவது அந்தப் பகுதி வழக்கம். பனிக்கு அடியில் வேர் பிடித்திருந்து, அடுத்த ஜூலையில் அறுவடைக்கு வரும்.

நிலவறையில் கோடைப் பாலின் கட்டிகள் பழுத்துக்கொண்டிருக்கும். இந்த வகைக் கட்டிக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியும் 90 சதவீதத்துக்கு மேல் ஈரமும் வேண்டும். முதலில் வெள்ளைப் பூசணம், அடுத்துப் பூனை முடி போலச் சாம்பல் பூசணம், பிறகு மற்றவை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவ்வப்போது திருப்பி வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுமார் 10 லிட்டர் பாலுக்கு 1 கிலோ கட்டிதான் தேறும். ஆனால் மே மாதப் புல், பாலாகி, கட்டியாகி, பனி பெய்யும் நாளில் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது.

கவலைகளும் உண்டு. துறவு வாழ்க்கைக்கு வரும் பெண்கள் மேலை நாடுகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பல மடங்கள் நிலத்தை விற்றுவிட்டன. இந்த மடத்தில் சேருபவர் சாகும்வரை இதே இடத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். பெற்ற பிள்ளைகள் இல்லாத பண்ணை இது. அதனால் தெரிந்ததைப் புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுப்பதைத் தவிர வேறு வாரிசு ஏற்பாடு கிடையாது. கறப்பது, கலக்குவது, திருப்பிவைப்பது எல்லாம் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று பழகும் வேலைகளாகவே இருக்கின்றன.

நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தீவனக் கணக்கு: அவர்களுக்குப் பஞ்சம் பனியில், நமக்குச் சித்திரை, வைகாசியில். ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் புல் மண்டிக் கிடக்கும்போது நாம் அறுத்துச் சேமிப்பதில்லை. கோடையில் வைக்கோலுக்கு அலைகிறோம். நம் ஊரில் மழைக்காலத்தில் புல்லைக் காயவைப்பது கடினம் என்றால் ஊறுகாய்ப்புல்லாகப் போட்டு வைக்கலாம். மார்கழி, தை வெயிலில் உலர்த்தியும் கட்டலாம். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று எழுதிப் பார்த்தாலே போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

அரைப்பங்கு விதி: தீவனம் தீரும் நாளில் யோசிக்காமல், பஞ்ச காலத்தின் பாதியிலேயே இருப்பை எண்ணிப் பாருங்கள். மாட்டைக் குறைப்பதா, தீவனம் வாங்குவதா என்று அப்போது முடிவெடுத்தால் நஷ்டம் குறையும்.

பச்சைப் பால்: மரப்பீப்பாய்க் கதையைக் காட்டிப் பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். கருச்சிதைவு நோய் எனும் புரூசெல்லோசிஸ், காசநோய் போன்றவை காய்ச்சாத பால் வழியே மனிதருக்கு வரும். அந்தச் சோதனை சொல்வது அந்தப் பீப்பாயையும், புளிக்கவைத்து 60 நாள் பழுக்கவைக்கும் முறையையும் பற்றித்தான்.

பழைய முறையா, புதிய முறையா: மீன் அமிலம், பஞ்சகவ்யா என்று எதுவானாலும், பலன் உண்டு, இல்லை என்று பேசிக்கொண்டிருப்பதைவிட அந்தக் கன்னியர் செய்தது போல ஒரே வயலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாதிக்குக் கொடுங்கள், மறுபாதிக்குக் கொடுக்காதீர்கள். இரண்டிலும் அறுவடையை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். அதிகாரி வந்து கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் கணக்கு இருக்கும்.